விடைத்தாளில் போடச் சொன்ன பிள்ளையார் சுழி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தள்ளிப் போட்டேன். சாமி குத்தம் என்பார்களோ என்று ஒரு பயம். என் முட்டாள்தனம் ஊருக்குத் தெரியுமே என்று இன்னொரு பயம்.

எண்பதுகளில் திண்டிவனத்தில் குடியிருந்தோம். நான் பத்தாவதோடு நின்றவள். தமிழ் மட்டும் நன்றாக வரும். பக்கத்து வீட்டுப் பெண் பத்தாவதில் தமிழில் ஒருமுறை தவறியிருந்தாள். அவள் அப்பா என் வாசலில் நின்றே சொன்னார்: "இந்த வாட்டியும் கோட்டு அடிச்சா, எங்க ஊரு கெடார்ல மாமன் காத்துக்கினு இருக்கான். தாலிதான்." மாமனுக்கு முப்பத்தைந்து வயது.

தினம் நான் விளக்கேற்றியதும் என்னிடம் தமிழ் படிக்க வருவாள். உவமை அணி, உருவக அணி, அருஞ்சொற்பொருள், பத்தியைப் படித்து விடை எழுதுவது. பத்தியில்தான் சறுக்குவாள், பாதி படித்ததுமே எழுதத் தொடங்கிவிடுவாள்.

"ரெண்டு வாட்டி படிச்சிட்டு அப்புறமா பேனாவைத் தொடுடி."

"மூணு வாட்டி படிச்சா பர்ஸ்ட் கிளாஸா அத்தை?"

எந்தத் தாளானாலும் மேலே பிள்ளையார் சுழி, கீழே 'முருகன் துணை'. பரீட்சையிலும் அப்படியே போட வேண்டும் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டேன்.

பரீட்சை முடிந்து அவள் கெடாருக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போய்விட்டாள். பிறகு ஒருநாள் விழுப்புரத்திலிருந்து வரும்போது, பஸ்ஸில் என் முன் சீட்டில், பத்தாவது விடைத்தாள் திருத்திவிட்டு வந்த இரண்டு வாத்தியார்கள்.

"ஒரு பேப்பர்ல சாமி பேரு எழுதி இருந்துச்சுய்யா. அடையாளம்னு தனியா எடுத்து வச்சிட்டாங்க."

"அப்ப அது அவ்ளோதான்" என்று சிரித்தார் மற்றவர்.

அது அவள் தாள்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். ரிசல்ட் வரும்வரை சோறு இறங்கவில்லை. அவள் அம்மா, "எல்லாம் உங்க புண்ணியங்க" என்று முருங்கைக்கீரை கொண்டுவந்து நீட்டுவாள். கை கூசும். சொல்ல வாய் வராது. பிள்ளையார் முன்னால் நின்றால், "உன் சுழியே அவள் கழுத்தில் கயிறாக விழப்போகிறதா?" என்றுதான் கேட்கத் தோன்றும்.

செய்தித்தாளில், பாஸானவர்கள் வரிசையில் அவள் நம்பர் இருந்தது. ஓடி வந்தவளின் கையைப் பிடித்தேன்.

"சுழி போட்டியாடி?"

தலை குனிந்தாள். "இல்ல அத்தை. அடையாளம் எதுவும் போடக் கூடாதுன்னு விடைத்தாள் முன்பக்கத்துல அச்சடிச்சிருந்துச்சு. ரெண்டு வாட்டி படிச்சேன். பெஞ்சு மேல வெரலால போட்டுக்கினேன். நீங்க திட்டுவீங்கன்னுதான் சொல்லல."

அந்த முன்பக்கத்தை நான் ஒருநாளும் படிக்கச் சொன்னதில்லை.

இதை யாருக்காவது சொன்னால், பெண் கெட்டிக்காரி என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்ததையும், தெரிந்த பிறகும் அந்தத் தாயிடம் வாய் திறக்காததையும் உள்ளபடியே சொல்லுங்கள். எனக்காக எதையும் மாற்ற வேண்டாம்.