ஐந்து சாண் பீரோ

என் அண்ணனின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு துண்டுப் பாவாடை நாடா இருக்கும். பஸ்ஸில் சில்லறை எடுக்கும்போது அது வெளியே எட்டிப் பார்க்கும். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அண்ணன் கண்டுகொள்ள மாட்டார். வெள்ளையாக இருந்த நாடா இப்போது பழுப்பேறிவிட்டது. அதன் நீளம் என் மதினியின் கைக்கு ஒரு சாண். அண்ணனின் பைக்குள் அது குடியேறியதற்குக் காரணம், என் கல்யாணத்துக்குச் சீராக வந்த பீரோ.

மதினிக்கு எல்லாமே சாண் கணக்குத்தான். வாடிப்பட்டிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வாழ வந்த நாளிலிருந்து, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து வைத்தே தென்னங்கன்றுக் குழியையும் கோழிக்கூண்டையும் மகனின் டவுசர் துணியையும் அளந்தவர். அண்ணன் டிராக்டர் ஓட்டுகிறவர். எந்த வயலையும் அதை உழ எவ்வளவு டீசல் பிடிக்கும் என்றுதான் சொல்வார். நான் மதுரையில் கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் மில்லிமீட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அங்கேயும் வீடு கட்ட வருகிறவர்கள் வரைபடத்தில் இருக்கும் எண்களைப் பார்ப்பதே இல்லை. கட்டில் போட்டால் நடக்க வழி இருக்குமா, வாசலில் வண்டி நிற்குமா என்றுதான் கேட்பார்கள். வளர்ந்தவர்களின் கணக்கு அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் படித்தது எங்கோ உள்ளே கிடக்கிறது. தேவைப்படும்போது கட்டிலும் வண்டியுமாக வெளியே வருகிறது.

கல்யாணம் முடிவானதும், நாங்கள் குடியிருக்கப் போகும் வாடகை வீட்டைப் பார்க்க மதினி வந்தார். வைகைக்கு வடகரையில், நீளமாக ஒரே ஒரு அறையும் அடுப்படியும் கொண்ட வீடு. அதில் நான், என் கணவர், என் மாமியார் மூவரும் இருக்க வேண்டும். சுவரில் இரண்டு தூண்களுக்கு நடுவே ஓர் இடம் இருந்தது. மதினி கையை விரித்து அளந்தார். “ஏத்தா, பீரோவுக்கு இந்த எடந்தான். சரியா அஞ்சு சாண்” என்றார். பீரோ வாங்கப் போக வேண்டிய அன்று பார்த்து வீட்டில் மாடு கன்று ஈன்றுவிட்டது. அதனால் அண்ணன் மட்டும் கடைக்குப் போனார். “அஞ்சு சாணுக்கு மேல போயிராதீக” என்று சொல்லித்தான் மதினி அனுப்பினார்.

அண்ணனும் மேலே போகவில்லை. ஆனால் அவர் கை முறம் மாதிரி இருக்கும். கடையில் இரண்டு கதவு பீரோவை அளந்தால் நாலு சாண்கூட வரவில்லையாம். மூன்று கதவு பீரோ கச்சிதமாக ஐந்து சாண் வந்திருக்கிறது. தங்கச்சிக்குப் பெரிதாகவே செய்ய வேண்டும் என்று மதினி நினைக்கிறார் போல என்று இவருக்கு ஒரே சந்தோஷம்.

கல்யாணத்துக்கு மறுநாள் குட்டியானை வண்டியில் சீர் வந்து இறங்கியது. தெருவே வாசலில் நின்றது. நாலு பேர் தூக்கி வந்த பீரோ தூண்களுக்கு நடுவே நுழையவே இல்லை. எதிர்ச் சுவரில் வைத்தால் அடுப்படிக் கதவு திறக்காது, இந்தப் பக்கம் வைத்தால் ஜன்னல் போய்விடும். அண்ணன் தன் கையால் மறுபடி அளந்துவிட்டு மதினியைப் பார்த்தார்.

“அஞ்சு சாண்னுதான சொன்ன?”

“ஏங்கைக்கு அஞ்சு சாண்” என்று மதினி உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமியார் சாதாரணமாகத்தான் சொன்னார்: “கடையில குடுத்துட்டுச் சின்னதா மாத்திக்கிரலாம்ல?” அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அண்ணனின் முகம் சுருங்கிவிட்டது. அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்த அப்பாவின் மகன், சொந்த வயலில் விளைந்ததை வைத்து வாங்கிய பீரோ அது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு பெண்ணுக்குப் பீரோ போவதே அதுதான் முதல் தடவை. என் பக்கத்தில் வந்து, “ஊரே பாத்து அனுப்புன சீரு திரும்பி வந்துச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊருக்குள்ள போறது?” என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் கைப்பையில் அலுவலக டேப் இருந்தது. இருந்து என்ன செய்ய?

மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை சாண் சாணாக நகர்ந்தார். பிறகு எழுந்து, “பீரோவச் செவத்தோட ஒட்டித்தான் வைக்கணும்னு யாரு சொன்னது?” என்று கேட்டார்.

அறைக்கு நடுவே, குறுக்காக நிறுத்தினார்கள். பீரோவின் முதுகு மாமியார் பக்கம், கதவுகள் எங்கள் பக்கம். மிச்சமிருந்த இடைவெளியில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டினார் மதினி. ஒரு அறை இரண்டு அறையானது. புதிதாகக் கல்யாணமான நாங்கள் எங்கே படுப்பது என்று அதுவரை அந்த வீட்டில் யாரும் வாய்திறந்து பேசவில்லை. மாமியார் சிரித்துக்கொண்டே பீரோவின் முதுகில் காலண்டரை மாட்டினார். “ரெண்டு கதவா வந்திருந்தா செவத்தோரம்ல போயிருக்கும்? ஒங்கண்ணன் கை பெருசா இருந்தது நல்லதாப் போச்சு” என்று மதினி என் காதில் சொன்னபோது நான் தலையை நிமிர்த்தவே இல்லை. அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு, எல்லாம் யோசித்துத்தான் வாங்கியதாகத் தெருவாசிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே மதினி தன் சாண் அளவுக்கு நாடாவை வெட்டி அண்ணனின் பையில் திணித்தார். அதற்குப் பிறகு மோட்டார் கொட்டகை, என் மகளின் தொட்டில் என்று எல்லாவற்றையும் அந்த நாடாதான் அளந்தது.

போன மாதம் இருவரும் ஃபிரிட்ஜ் வாங்க மதுரைக்கு வந்தார்கள். இப்போது எங்களுக்குச் சொந்த வீடு. பீரோ சுவரோரமாக நிற்கிறது. ஊரில் அவர்கள் அடுப்படியில் ஃபிரிட்ஜுக்கு இடம் நாலு நாடா என்று சொல்லி அண்ணன் நாடாவை என் மேசைமேல் வைத்தார். மதினி விளையாட்டாகத் தன் கையை அதன்மேல் விரித்தார். கை எட்டவில்லை. களையெடுத்தும் பால் கறந்தும் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. இன்னொரு தடவை முகத்தைச் சுளித்துக்கொண்டு விரித்துப் பார்த்தார். நாடாவின் நுனி அப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மதினி கையை எடுக்கப் போனார்.

“இரு, எடுக்காத” என்றார் அண்ணன். “இழுத்து இழுத்து நாடா நீண்டு போச்சு.” என் மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, மதினியின் சுண்டுவிரல் முடியும் இடத்தில் நாடாவை நறுக்கினார்.

“அப்ப வீட்டுல அளந்துட்டு வந்த நாலு நாடா, அண்ணே?” என்று கேட்டேன்.

“போயித் திரும்ப அளந்துக்கிருவோம்.”

அன்று ஃபிரிட்ஜ் வாங்கவில்லை. அண்ணன் நாடாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இருவரும் சாப்பிட்டுவிட்டு வாடிப்பட்டி பஸ் ஏறினார்கள்.