பாவாடை பார்த்த இன்ஜின்

பாவாடை வாயைத் திறந்தால் முதலில் கஞ்சிதான் வரும். எதைக் கேட்டாலும் காலையில் குடித்த கஞ்சியிலிருந்து ஆரம்பிப்பார். "லாரி வந்துதா?" என்று கேட்டுப் பாருங்கள். "காத்தால கஞ்சி குடிச்சேங்க. தொட்டுக்க நெத்திலிக் கருவாடு. அப்பறம் வரப்பு மேல நடந்து வர்றேன், எதிர்ல பாஞ்சாலை வர்றா..." என்று கிளம்பிவிடுவார். நடுவில் மறித்தால் கோபப்பட மாட்டார். பொறுமையாக மறுபடியும் கஞ்சிக்குப் போவார்.

மரக்காணம் உப்பளத்தில் மூட்டை ஏற்றுவது அவர் வேலை. நான் அங்கே ஒரு வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். தினமும் அவரிடம் நாலு கேள்வியாவது கேட்டாக வேண்டும் என்பது என் தலையெழுத்து. ஆள் ஒல்லி. முழங்காலுக்குக் கீழே உப்பு பூத்து வெள்ளையடித்தாற்போல் இருக்கும். கோணியை மடித்துத் தலையில் முக்காடுபோல் கவிழ்த்துக்கொள்வார். லாரியில் போகும்போது டிரைவர் பக்கத்தில் இடமிருந்தாலும் உட்கார மாட்டார். மூட்டை மேல்தான். "உள்ள உக்காந்தா ஒண்ணும் தெரியலிங்க" என்பார்.

இன்னொரு குணமும் உண்டு. கண்ணால் பார்க்காததற்கு ஆமாம் போட மாட்டார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், பெண் நன்றாகச் சமைப்பாளா என்று ஒப்புக்குக் கேட்டார்கள். "மீன் கொழம்பு வெப்பா. சோறு கொழைஞ்சிடும்" என்றார் பாவாடை. உள்ளே அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கூடத்துக்குக் கேட்டதாம்.

இப்படிப்பட்டவர்தான் போன வருஷம் ஒரு மனிதனின் பிழைப்புக்கு ஒரே சாட்சி ஆனார்.

திண்டிவனம் பக்கம் ஒரு ரயில்வே கேட். கேட்கீப்பர் முருகையன். அன்று ரிப்பேர் வேலைக்காக லைனை மூடியிருக்கிறோம், வண்டி எதுவும் வராது என்று போனில் சொல்லியிருந்தார்கள். அதனால் கேட் திறந்திருந்தது. தேசப்பன் எங்கள் உப்பு லாரியை ஓட்டிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினார். முக்கால் வண்டி தாண்டியபோது ஏதோ வந்து லாரியின் பின்பக்கத்தைக் கிழித்துவிட்டுப் போய்விட்டது. வண்டி சுழன்று கேட் கம்பத்தில் மோதி நின்றது. மூட்டைகள் வெடித்துத் தண்டவாளம் முழுக்க உப்பு. மேலே இருந்த பாவாடை அதற்கு முன்பே குதித்துவிட்டார்.

தேசப்பன் முன்னால் பார்த்து ஓட்டியதால் எதையும் பார்க்கவில்லை. முருகையன் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கிணற்றடியில் இருந்தார். ஓடி வருவதற்குள் வளைவில் புகைதான் மிச்சம். ரயில்வேக்காரர்களோ, மூடிய லைனில் எதுவும் ஓடவில்லை என்றார்கள். லாரி தானாகவே கேட் கம்பத்தில் மோதியிருக்கிறது, கேட்கீப்பரும் டிரைவரும் கூட்டுச் சேர்ந்து இன்ஜின் கதை கட்டுகிறார்கள் என்று முடிவு கட்டி, முருகையனை சஸ்பெண்டு செய்தார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவர் மனைவி செல்லம்மாள் அப்போது நிறைமாத கர்ப்பிணி.

விசாரணைக்கு வந்த அதிகாரி தட்சணாமூர்த்தி. பாவாடையை அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பஸ்ஸில் போகும்போதே காலில் விழாத குறையாகச் சொன்னேன்: "கஞ்சி வேண்டாம். நேரே இன்ஜினுக்கு வந்துடு." தலையாட்டினார்.

"என்ன பார்த்தே, சொல்லு" என்றார் அதிகாரி.

"காத்தால கஞ்சி..."

நான் இருமினேன்.

"சரிங்க. வீடு வந்துதுங்க."

"என்னது?"

"வீடுங்க. ஜன்னல் வெச்ச வீடு. கண்ணாடி ஜன்னல். உள்ள ஒரு ஆளு நாற்காலி போட்டு உக்காந்துகினு வர்றான். பொகபோக்கி பின்னால இருக்குது."

அதிகாரி பேனாவை மூடினார். வெளியே வந்து நான் கத்திய கத்தலில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஒரு வார்த்தை, 'இன்ஜின்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதாதா? "இன்ஜினுக்கு மூஞ்சி கருப்பா இருக்கும்ங்க. இதுக்கு மூஞ்சி கண்ணாடிங்க" என்றார் பாவாடை.

அந்த டீக்கடைக்காரர்தான் விஷயம் சொன்னார். அங்கே இன்ஜின் ஷெட்டில் ஒரு பழைய சின்ன இன்ஜினைப் பிரித்து மாற்றிக் கட்டியிருக்கிறார்களாம். இன்ஜினியர்கள் ஏறி உட்கார்ந்து தண்டவாளத்தைச் சோதித்துக்கொண்டே போவதற்காகவாம். அவர் காதில் விழுந்தது அவ்வளவுதான். நான் திரும்ப ஓடி, அதைக் காட்டச் சொல்லி அதிகாரியிடம் மன்றாடினேன். "உங்க ஆள் இதுதான்னு சொல்லணும். சொல்லலைன்னா அதோட முடிஞ்சுது" என்று நாள் குறித்தார்.

ஷெட்டுக்கு முருகையனும் வந்தார், செல்லம்மாளும் வந்தாள். வேண்டாமென்றாலும் கேட்கவில்லை. இன்ஜின் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பின்பாதி ஷெட்டின் இருட்டுக்குள் இருந்தது. ஒரு கரிவண்டி அதை ஒட்டி நின்று மறைத்தது. குட்டையான புகைபோக்கி, புது பெயின்ட், உருண்டை முகம். விசித்திரமான சின்ன இன்ஜின். இதுவேதான் என்று எனக்கு நிச்சயம்.

பாவாடை முன்னால் போய் நின்றார். குனிந்து பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது இல்லிங்க."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. முருகையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். செல்லம்மாள்தான் பாவாடை எதிரே போய் நின்றாள். "நல்லா பாருய்யா. உனுக்கு புண்ணியமா போவும். ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுய்யா. ரோட்டுலயா புள்ள பெத்துக்கறது நானு?"

பாவாடையின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோணித் துணியால் துடைத்துக்கொண்டார். ஆனால் சொன்னது இதுதான்: "தாயி, எனக்கு சொல்லணும்னுதான் இருக்குது. பாத்த மூஞ்சி இது இல்லியே. எப்டி சொல்லுவேன்?"

"போதும்" என்றார் அதிகாரி. "சாட்சியே இல்லைன்னுட்டார்."

செல்லம்மாள் பாவாடையைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. நானும் மனதுக்குள் கூடவே திட்டினேன். சத்தியவானாக இருக்க இந்த மனிதனுக்கு இதைவிட்டால் வேறு நாளே கிடைக்கவில்லையா? எல்லோரும் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்க வழியாகத் திரும்பினோம். அதிகாரி முன்னால். நானும் பாவாடையும் ஒரு தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தோம். முருகையன் மனைவியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

ஷெட்டுக்குள்ளிருந்து விசில் கேட்டது. திரும்பினேன். தண்ணீர் பிடிப்பதற்காக அதே இன்ஜினை மறுபக்க வாசல் வழியே பின்னோக்கி வெளியே எடுத்தார்கள். முதலில் வந்தது ஒரு அறை. மரச்சட்டம் போட்ட அகலக் கண்ணாடி ஜன்னல்கள். உள்ளே ஒரு பிரம்பு நாற்காலி. புகைபோக்கி அதற்கெல்லாம் பின்னால் புகைவிட்டுக்கொண்டு வந்தது.

பாவாடை "ஐயோ!" என்று ஒரு கத்து கத்தினார். என்னைத் தண்டவாளத்தின் நடுவிலேயே விட்டுவிட்டு ஒரே தாவாகத் தாவி, கரிச்சாம்பல் குவியலில் போய் விழுந்தார். நான் எப்படி நகர்ந்தேன் என்று எனக்கே நினைவில்லை. இன்ஜின் கிரீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். சாம்பலில் கிடந்தவரைப் பார்த்தார், உற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி பரவியது.

"ஏம்பா, அன்னிக்கு மூட்டை மேலருந்து குதிச்ச ஆளு நீதானே? உசுரோடதான் இருக்கியா! செத்துட்டியோன்னு தூக்கமே இல்லய்யா எனக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் அதிகாரியைப் பார்த்தார்.

பிறகு டிரைவர் மெதுவாக இறங்கி வந்தார். மாற்றிக் கட்டிய இன்ஜினை ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள், லைன் காலியாக இருந்தது, சொன்ன இடத்தைத் தாண்டியும் ஓட்டிவிட்டோம், இடித்ததும் பயந்துபோய் மறைத்துவிட்டோம் என்று எல்லாவற்றையும் சொன்னார். தட்சணாமூர்த்தி பேனாவைத் திறந்தார். செல்லம்மாள் பாவாடையின் தலையிலிருந்த சாம்பலைத் தன் முந்தானையால் தட்டிக்கொண்டே அழுதாள்.

முருகையனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. குழந்தை குவார்ட்டர்ஸில்தான் பிறந்தது. பெண். இன்ஜின் டிரைவரை எங்கோ தூரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கும் பாவாடை ஒரு வாரம் என் உயிரை வாங்கினார்: "அந்தாளு நல்லவருங்க. எனுக்காவ தூங்காம இருந்திருக்காரு. யார்கிட்டயாச்சும் சொல்லுங்க." யாரிடம் சொல்வது நான்?

அன்று ஷெட்டை விட்டு வெளியே வந்தபோது மரக்காணம் போகும் பஸ், ஸ்டாண்டில் உறுமிக்கொண்டு நின்றது. அதை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் ஆகும். குறுக்கே வண்டி ஓடாத பழைய சைடிங் தண்டவாளம் ஒன்று. துருப்பிடித்து, தண்டவாளத்துக்கு நடுவே எருக்கஞ்செடி ஆளுயரம் வளர்ந்திருந்தது. நான் தாண்டக் கால் வைத்தேன். பாவாடை என் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்து நிறுத்தினார். "பஸ் போயிடும்யா!" என்று கத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை. இடப்பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தார். வலப்பக்கம் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் ஒருமுறை இடப்பக்கம் பார்த்தார். பிறகு என் கையை விடாமல், செடியை ஒதுக்கி வழிவிட்டு, என்னை முன்னால் தாண்டவைத்தார்.