நல்ல தண்ணி லாரி

ஆம்பூர்க்காரர்கள் புது இடத்தில் தண்ணீர் வாங்கினால் முதலில் நுனி நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். உப்புக் கரித்தால் துப்பிவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு கிணறுகளில் இறங்கிய பிறகு அந்த ஊருக்கு வந்த பழக்கம் அது. கரிக்காத தண்ணீர் நல்ல தண்ணீர். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை.

ஜெனிஃபாவும் அப்படி வளர்ந்தவள்தான். இன்ஜினியர் ஆன பிறகு நாக்கு இருந்த இடத்தில் ஒரு மீட்டர் வந்தது, அவ்வளவே.

அவள் அப்பா ஏசுராஜ் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். தாயில்லாத ஒரே பெண்ணை இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்க வைத்தார். தொண்ணூற்றேழில் படிப்பை முடித்தவள் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். ரத்த அழுத்தக் கருவி, சளி உறிஞ்சும் மோட்டார், குழந்தைகளைச் சூடாக வைக்கும் பெட்டி என்று பழுதானதெல்லாம் அங்கே வரும். ஜன்னல் இல்லாத அறை. ஆனால் வேலை கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

"பொண்ணு கேட்டு வர்றவங்க கிட்ட இன்னான்னுடி சொல்றது? நர்ஸுன்னா, மெக்கானிக்குன்னா?" என்று அத்தை ஹெலன் கேட்டாள்.

"மெக்கானிக்குனே சொல்லுங்க அத்தை. சம்பளத்தக் கேட்டா அவங்களே நம்பிடுவாங்க."

பிறகு சென்னையில் டயாலிசிஸ் மெஷின் விற்கும் ஒரு கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். சேலம், திருநெல்வேலி, நாகர்கோவில் என்று கருவிப் பையோடு பஸ்ஸில் அலைந்தாள். கூடப் படித்தவர்களில் ஒருத்தன் மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனான். இன்னொருத்தன் ஸ்கேன் மெஷின் விற்று கார் வாங்கினான். மற்றவர்கள் கம்ப்யூட்டருக்குத் தாவினார்கள். அவளைக் கம்பெனி பெங்களூருக்குப் பயிற்சியாளராக அனுப்ப இருந்த சமயத்தில் ஏசுராஜின் இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன.

அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆம்பூருக்கு வந்தாள். அங்கே டாக்டர் வேதாசலத்தின் நர்சிங் ஹோமில் நாலு மெஷினோடு ஒரு டயாலிசிஸ் பிரிவு ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் கிடையாது. இவள் வேலைக்கு வந்தால் அப்பாவுக்கு வாரம் மூன்று முறை இலவசம் என்று பேச்சு. இரண்டாயிரத்து இரண்டு ஜனவரியில் சேர்ந்தாள். அவளைப் பொறுத்தவரை அந்த நாலு மெஷினும் ஒழுங்காக ஓடினால் அப்பா இருப்பார், இல்லையென்றால் இல்லை. வேறு கணக்கு அவளுக்கு இல்லை.

டயாலிசிஸ் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நாம் குடிக்கிற தண்ணீரைக் குடல் நின்று பார்த்துத்தான் உள்ளே விடும். மெஷினில் படுத்தவருக்கு அந்தக் காவல் கிடையாது. ஒரு தடவைக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் அவர் ரத்தத்தை உரசிக்கொண்டு ஓடும். நடுவில் இருப்பது மெல்லிய சவ்வு. அதனால் தண்ணீரை முதலில் மணலில், அடுத்து கரித் தொட்டியில், கடைசியாக உப்பை எடுக்கும் வடிகட்டியில் விட்டுச் சுத்தம் செய்வார்கள்.

தினமும் காலையில் ஜெனிஃபா மீட்டரை முக்கி உப்பின் அளவைப் பார்ப்பாள். எப்போதும் சரியாக இருந்தது. கரித் தொட்டியில் இருந்த கரி மட்டும் பிரிவு திறந்த நாளிலிருந்து மாற்றப்படாதது.

"மாத்திடலாம் சார்," என்று இரண்டு தரம் சொன்னாள்.

"மீட்டர் இன்னா காட்டுது?"

"நல்லாத்தான் காட்டுது."

"அப்புறம் இன்னாம்மா?"

அவளுக்கும் அதற்கு மேல் வாதம் பண்ணத் தோன்றவில்லை. அந்த ஊரில் பயப்படவேண்டியது உப்புக்குத்தானே. உப்பு வரவில்லை.

இரண்டாயிரத்து மூன்று கோடையில் பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. நர்சிங் ஹோமின் போர் வற்றிவிட்டது. ஆலங்காயம் பக்கத்திலிருந்து அப்துல் சமத் என்பவர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்தார். மலையோரக் கிணறு, கரிப்பே இல்லை. தெருவில் இருந்த பெண்கள்கூட குடத்தோடு வந்து அவரிடம் கெஞ்சுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற தண்ணீர் என்று அவர் ஒரு சொட்டு கொடுக்கமாட்டார்.

மே மாதம் நடுவில் மூத்த நர்ஸ் ஆக்னஸ் ஒரு விஷயம் சொன்னாள். "ஜெனிஃபா, எல்லாருக்கும் ரத்தம் கொறையுது. போன மாசம் எட்டு இருந்தவங்களுக்கு இப்ப ஆறு. உங்கப்பாவுக்கும்தான்."

"சத்து கம்மியா சிஸ்டர்?"

"ஒருத்தருக்குன்னா சத்துன்னு சொல்லலாம். கவுஸ் பாஷா வீட்ல பிரியாணி இல்லாத வெள்ளிக்கிழமை உண்டா? அவருக்கும் கொறையுதே."

டாக்டர் வேதாசலம் இரும்புச் சத்து ஊசி எழுதினார். குறைந்துகொண்டே போனது. ஏசுராஜுக்கு ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பத்து நாளில் அதுவும் எங்கே போனதென்று தெரியவில்லை. வீட்டில் அவர் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகையில் சுவரைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினார். உதடும் நகமும் பழைய வெள்ளைத் துணி நிறம்.

மெஷின்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள் ஜெனிஃபா. பம்பு ரத்தத்தை நசுக்குகிறதா, சூடு அதிகமாகிறதா என்று சோதித்தாள். நாலும் சரியாக இருந்தன. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு மெஷின் கெட்டால் ஒருவருக்குக் கெடும். எல்லோருக்கும் கெடுகிறதென்றால், நாலுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்.

மறுநாள் காலை லாரி வந்ததும் கீழே போய் நின்றாள்.

"பாய், கிணறு ஏதாவது மாத்திட்டீங்களா?"

அப்துல் சமத் குழாயை மாட்டிக்கொண்டே சிரித்தார். "அதே கிணறுதாம்மா. வேற எடத்துல எடுத்து உங்களுக்குக் குடுத்தா அல்லா சும்மா விடுவானா?"

"தண்ணியில எதுவும் கலக்கலியே?"

"கலக்காம? ஊரெல்லாம் மஞ்சக்காமாலைன்றாங்க. ஒன்றரை மாசமா லாரிக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டுத்தான் எடுத்துட்டு வர்றேன். மத்தவங்களுக்கு ஒரு கை. உங்களுது நோயாளிங்களாச்சே, ஜாஸ்தியாவே போடுறேன்."

அவர் முகத்தில் நல்லது செய்தவரின் நிறைவு. பிளீச்சிங் பவுடர் என்றால் குளோரின். குளோரினை அவள் மீட்டர் காட்டாது. கடைசி வடிகட்டியும் அதைச் சரியாகப் பிடிக்காது. பிடிக்கவேண்டியது கரி ஒன்றுதான். அது செத்துப்போய் எத்தனை நாளோ. குடித்தால் வயிறு தாங்கும். ரத்தத்தில் இறங்கினால் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

மாடிக்கு ஓடினாள். நாலு பேரும் படுத்திருந்தார்கள். கடைசிக் கட்டிலில் அப்பா. யாருக்கும் இன்னும் ஊசி குத்தவில்லை.

"சிஸ்டர், நான் வர்ற வரைக்கும் ஆரம்பிக்காதீங்க."

"ஏன்?"

"தண்ணியில குளோரின் இருக்கும்னு நெனைக்கறேன். சோதிக்கணும்."

"நெனைக்கறேன்னு சொன்னா எப்படிம்மா? அமிர்தவள்ளிக்கு மூச்சு முட்டுது பாரு. டாக்டரைக் கேக்கறேன்."

டாக்டர் தியேட்டரில் ஆபரேஷனில் இருந்தார். ஜெனிஃபா காத்திருக்கவில்லை. சோதிக்கும் மருந்து நர்சிங் ஹோமில் இல்லை. நகராட்சித் தண்ணீர்த் தொட்டியில் சம்பத் என்ற ஆபரேட்டர் தினமும் குளோரின் பார்ப்பார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அங்கே போனாள்.

"ஆஸ்பத்திரிக்கு எதுக்குங்க இது? நாங்க குளோரின் கம்மின்னுதான் திட்டு வாங்குறோம்," என்றார் சம்பத். சொட்டு மருந்தும் கண்ணாடிக் குழாயும் கொடுத்தார். திரும்பும்போது பஜாரில் ஒரு தோல் லாரி குறுக்கே நின்றிருந்தது. டிரைவர் டீ குடித்து முடிக்கும் வரை வழி கிடைக்கவில்லை.

அவள் மாடி ஏறியபோது நாலு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன.

"மீட்டர் சரியா இருந்தா ஓட்டுன்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றாள் ஆக்னஸ், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஜெனிஃபா சுவர்க் குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்து மருந்தைச் சொட்டினாள். லேசான மஞ்சள் வந்தாலே அந்த அறைக்கு அதிகம். வந்தது, பழுத்த எலுமிச்சையின் மஞ்சள். ஆக்னஸ் கிட்டே வந்து பார்த்தாள்.

"மெஷினம்மா," என்று கூப்பிட்டார் கவுஸ் பாஷா. எப்போதும் கேலி பேசுகிறவர். "முதுகுல யாரோ ஏறி உக்காந்துக்குனு எறங்க மாட்றான். உன் மெஷின்ல பேய் கீய் பூந்துடுச்சா?"

ஜெனிஃபா அப்பாவின் கட்டிலைப் பார்த்தாள். அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்குத் திரும்பிப் போகிற குழாயில் ரத்தம் நாவல்பழச் சாறு போல ஓடியது.

"நிறுத்துங்க சிஸ்டர். குழாயில இருக்கற ரத்தத்தைத் திருப்பி ஏத்தாதீங்க. உடைஞ்ச ரத்தம்."

"ஒவ்வொருத்தருக்கும் கால் லிட்டர் போயிடும்மா. ஏற்கெனவே ஆறுதான் இருக்கு. டாக்டர் சொல்லாம நான் கிளாம்ப் போட மாட்டேன். மெஷின் வரைக்கும்தான் உன் வேலை."

ஆக்னஸ் சொன்னது தப்பில்லை. குழாய் நோயாளியின் உடம்பில் சேர்ந்த இடத்தோடு இன்ஜினியரின் எல்லை முடிகிறது. ஜெனிஃபா அப்பாவின் மெஷினுக்குப் போய் ரத்த பம்பை நிறுத்தினாள். இரண்டு குழாய்களையும் கிளாம்பால் இறுக்கி அடைத்தாள். அடுத்த கட்டிலுக்குப் போனாள். மூன்றாவதற்கு அவள் வரும்போது ஆக்னஸ் நாலாவதை நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா பாதியில நிறுத்தற?" என்றார் ஏசுராஜ்.

"தண்ணி சரியில்லப்பா."

"தண்ணிய நீதானே பாத்துக்கற?"

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். அவள் ஊசி இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஆக்னஸ் நாலு பேருக்கும் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினாள். சுழற்றி வைத்த குழாயின் மேல்பகுதி வைக்கோல் நிறத்தில் தெளிந்திருக்கவேண்டும். உடைந்த அணுக்களால் நாலும் சிவப்பு. டாக்டர் வேதாசலம் தியேட்டர் உடுப்போடு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எவ்ளோ நாளா?"

"ஒன்றரை மாசம் சார்."

அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு போனை எடுத்து வேலூருக்குப் பேசினார். அன்றைக்கு இரண்டு பேருக்குத்தான் அங்கே இடம் இருந்தது. யார் முதலில் என்பதை ரத்தத்தில் ஏறினால் இதயத்தை நிறுத்திவிடும் பொட்டாசியத்தின் அளவு முடிவு செய்தது. அமிர்தவள்ளியும் கவுஸ் பாஷாவும் வேனில் போனார்கள். ஏசுராஜுக்கு மறுநாள் மத்தியானம் வரை காத்திருக்கவேண்டி வந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு மூச்சு விட்டார். படுத்தால் நெஞ்சில் தண்ணீர் ஏறும். ஜெனிஃபா எதிரே உட்கார்ந்து அவர் விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவுஸ் பாஷா வேலூரிலிருந்து திரும்பவில்லை. மூன்றாம் நாள் செய்தி வந்தது. அப்துல் சமத் ஜனாஸா தொழுகைக்குப் போய்விட்டு நேரே நர்சிங் ஹோம் வாசலுக்கு வந்து, உள்ளே வராமல் நின்று திரும்பிப் போனார். பவுடர்தான் காரணம் என்று அவரிடம் யார் சொன்னார்களோ.

கரி சென்னையிலிருந்து வந்தது. ஜெனிஃபா தானே நின்று மாற்றினாள். மூன்று முறை சோதித்தாள். சொட்டு மருந்து விட்டும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னாள்.

"திங்கக்கெழமையிலேர்ந்து நம்ம எடத்துலயே படுக்கலாம்ப்பா. எல்லாம் சரி பண்ணிட்டேன்."

ஏசுராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "நான் வேலூருக்கே போய்க்கறேன் ஜெனி."

"அங்க பணம் கட்டணும். போய் வர பஸ்ஸு வேற. ஒடம்பு தாங்காது."

"நீ ஒழுங்காத்தான் செய்வே. எனக்குத் தெரியும். அந்தக் கட்டில்ல படுக்க பயமா இருக்குதும்மா."

அவள் மீட்டர், கரி, சொட்டு மருந்து எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, எத்தனை மணிக்குப் பஸ் என்றார்.

முதல் நாள் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனாள். வேலூர் சத்துவாச்சாரியில் புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரி. தரையெல்லாம் மின்னியது. அப்பா உள்ளே போய் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கேட்காமலேயே கையை நீட்டிப் படுத்தார். தண்ணீர் சுத்தம் செய்யும் அறையின் கதவு பூட்டியிருந்தது. வெளியே நெல்வின் என்று சட்டையில் பெயர் குத்திய டெக்னீஷியன் உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, உள்ள கரித் தொட்டி இருக்குமே, அதைக் கடைசியா எப்ப மாத்தினாங்க? குளோரின் பாக்கறீங்களா?"

"அதெல்லாம் கம்பெனிக்காரங்க வந்து பாத்துப்பாங்கக்கா."

"எப்ப வந்தாங்க?"

"நான் சேந்து நாலு மாசந்தாங்க்கா ஆகுது." அவன் மரியாதையாகத்தான் பேசினான். "நீங்க பேஷண்டுக்கு யாரு?"

"பொண்ணு."

"அப்ப வெளிய உக்காருங்கக்கா. பேஷண்ட் கூட வந்தவங்க இங்க நிக்கக் கூடாது."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நர்ஸ் குழாயை மாட்டிவிட்டு பம்பை ஓடவிட்டாள். ஏசுராஜ் கண்ணை மூடி நிம்மதியாகப் படுத்திருந்தார். ஜெனிஃபா கதவில் முகத்தை ஒட்டி, அவருக்குத் திரும்பிப் போகிற குழாயின் நிறத்தைப் பார்க்க முயன்றாள். அங்கிருந்து தெரியவில்லை.