பேர் சொல்லுங்க

சிங்கப்பூர் தேக்கா பக்கத்துக் கிளினிக்கில் நான் ரத்தம் எடுக்கிறேன். ஊசியைத் தொடும் முன் வந்தவரே தன் முழுப் பெயரைச் சொல்ல வேண்டும். அதில் நான் கறார்.

ஒருநாள் ஓர் ஆன்ட்டி கணவரின் சீட்டோடு வந்து கையை நீட்டினார்.

"பேர் சொல்லுங்க."

"அவர் பேரை நான் சொல்றதில்லம்மா. அவருக்கு ஊசின்னா பயம் லா. ரெண்டு பேருக்கும் ஒரே சமையல்தானே, என் ரத்தத்தையே எடுத்துக்க."

எனக்குச் சுள்ளென்று வந்தது. வெளியே பதுங்கியிருந்த அங்கிளை அழைத்து உட்காரவைத்தேன். பெயரைச் சரியாகச் சொன்னவர், ஊசியைக் கண்டதும் எழுந்து ஓடப் பார்த்தார்.

ஆன்ட்டி அலறினார், அங்கிளின் முழுப் பெயரை, அவர் அப்பா பெயரோடு சேர்த்து.

அங்கிள் அப்படியே உட்கார்ந்து மனைவியையே பார்த்தார். அவர் பார்வையைத் திருப்புவதற்குள் நான் ரத்தம் எடுத்து முடித்திருந்தேன்.