பின் ரூம் சுவர்

இது கதை இல்ல, நடந்தது. ரகுபதிகிட்ட கேட்டா சொல்ல மாட்டான், எழுந்து போயிடுவான். அதனால நான் சொல்றேன்.

ரகுபதிக்கு ஒரகடத்துல ஒரு கம்பெனியில வேலை. மூணாவது ஷிஃப்ட். பிள்ளைப்பாக்கத்துல அவங்கப்பா விட்டுட்டுப் போன நிலத்த வித்து, போன தை மாசம் குன்றத்தூர்ல ஒரு பழைய வீடு வாங்கினான். பதினோரு வருஷம் வாடகை வீடு மாறி மாறி அவன் பொண்டாட்டி மோகனப்ரியா அலுத்துப் போயிருந்தா. "இனிமே மூட்ட கட்ட என்னால ஆவாது"ன்னுட்டா. இருக்கறத எல்லாம் வழிச்சிப் போட்டு வாங்கின வீடு. அத விட்டா வேற போக்கிடம் இல்ல.

ஏரியா நல்ல ஏரியாதான். தெருமுனையில கம்பெனி பஸ் நிக்குது, தண்ணி லாரிக்கு அலைய வேணாம், ஸ்கூல் பக்கம். பின் ரூமத் தனியா விட்டா கம்பெனிப் பசங்க நான் நீன்னு வருவாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. ஒரே கொற, அந்த ரூமுக்குத் தனி வழி இல்ல. சுவத்த இடிச்சி ஒரு கதவு வச்சிட்டா தீந்துது.

மேஸ்திரி கோதண்டம் வந்து கடப்பாரையப் போட்டாரு. "இன்னா சார், இந்த எடம் முன்னாடியே இடிச்சிப் பூசினது. கல்லு தானா வருது."

ரகுபதிக்குத் தூக்கக் கலக்கம். வேலை சீக்கிரம் முடிஞ்சா சரின்னு விட்டுட்டான். நிலை வர ஒரு வாரம் ஆவும்னு கோதண்டம் ஓட்டையில தார்ப்பாயக் கட்டிட்டுப் போயிட்டாரு.

திங்கக்கிழமை. ஷிஃப்ட் முடிச்சி வந்து, பின் ரூம்ல பாய் போட்டுப் படுத்தான். மோகனப்ரியா வேலைக்கு, பொண்ணு நிலா ஸ்கூலுக்கு. வீட்ல யாரும் இல்ல.

பகல் பதினொண்ணு அம்பது. டிங்... டிங்... தரையில மெட்டி தட்டற சத்தம். தார்ப்பாய்ப் பக்கமா வந்து தலமாட்டுல நின்னுது. பன்னெண்டு இருபதுக்கு வந்த வழியே வெளிய போச்சு. பக்கத்து வீட்டுல யாரோன்னு திரும்பிப் படுத்துட்டான். உடம்பு அவ்ளோ அசதி.

செவ்வாக்கிழமை. அதே பதினொண்ணு அம்பது. எழுந்து பாத்தா தலமாட்டுல வச்சிருந்த சொம்புல தண்ணி இல்ல. அவன் குடிக்கல.

புதன். டிங்... டிங்...

நின்னுது.

மஞ்ச வாசன.

காதுகிட்ட, ரொம்ப ஓஞ்சி போன ஒரு பொம்பளக் குரல்.

"கொஞ்சம் தள்ளிப் படு..."

தள்ளிப் படுத்தான். கண்ணத் தொறக்கல. பன்னெண்டு இருபது வரைக்கும்.

அப்புறம் நேரா தெருமுனைக்கு ஓடி, இஸ்திரி வண்டி கோவிந்தம்மாகிட்ட கேட்டான். அவ பொட்டியக் கீழ வச்சிட்டா.

"அந்தச் சுவத்தயா இடிச்ச? பழைய வூட்டுக்காரரு சம்சாரம் அடைப்பு நாள்ல, அதான் ஆவாத நட்சத்திரத்துல, செத்துட்டாங்க. வாசப்படி வழியா எடுக்கக் கூடாதுன்னு சுவத்த இடிச்சி எடுத்துக்கினு போயி, உடனே அடைச்சாங்க. திரும்பி வர வழி தெரியக் கூடாதுன்னுதான் அப்படிப் பண்றது. நீ போய் தொறந்து வுட்டுட்டியே..."

அன்னிக்கே கோதண்டத்துக்கு ஃபோன் போட்டான். மறுநாள் காலையில வந்து அடைச்சிடறேன்னாரு. வியாழக்கிழமை பாத்து சூப்பர்வைசர் ரகுபதிய ஓ.டி.ல உக்கார வச்சிட்டான். அவன் வீடு வந்து சேரும்போது பன்னெண்டே முக்கால். வாசல் பூட்டு போட்டது போட்டபடி. பின்னால போய்ப் பாத்தா சுவர் அடைச்சி, பூசி, ஈரமா இருந்துது. மூணு நாளைக்கப்புறம், முன் ரூம்ல படுத்து நிம்மதியாத் தூங்கினான்.

சாயந்தரம் ஆறு பத்துக்குக் கோதண்டம் ஃபோன் பண்ணாரு.

"சார், என் தண்ணி பாட்டில் உள்ள மாட்டிக்கிச்சி. கடைசிக் கல்லு வெக்கும்போது, பன்னெண்டு இருக்கும், உங்க வூட்டம்மா உள்ளேருந்து கை நீட்டித் தண்ணி கேட்டாங்க. குடுத்தேன். அவங்க திருப்பித் தரல, நானும் அடைச்சிட்டு வந்துட்டேன்."

மோகனப்ரியா அப்பதான் கம்பெனி பஸ்ஸ விட்டு இறங்கி வந்துக்கினு இருந்தா.

ரகுபதி பாட்டிலத் தேடவும் இல்ல, அந்த ரூமுக்குள்ள போகவும் இல்ல. மறுபடி இடிச்சா அந்தச் செத்தவ தினம் வருவா. இடிக்கலன்னா உள்ளேருந்து போகவே மாட்டா.

இப்ப வீட்ட விலைக்குப் போட்டிருக்கான். மூணு பேரு வந்து பாத்தாங்க. மூணு பேருக்கும் ஏரியா பிடிச்சிருக்கு, வீடு பிடிச்சிருக்கு. பின் ரூம எட்டிப் பாத்துட்டு வந்து மூணு பேரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க.

"உள்ள படுத்துக்கினு கீறாங்களே, அந்தம்மா எப்ப காலி பண்ணுவாங்க?"