அடைக்கலநாதனின் அரைப்போத்தல் மண்ணெண்ணெய்

அடைக்கலநாதன் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். குருநகரில் வள்ளம் வைத்திருந்தவர். சண்டையால் கடலுக்குப் போக முடியாமல் போனபின் மனைவி மக்டலீனோடு பண்டத்தரிப்புப் பக்கம் வந்து, ஒரு பழைய டீசல் வானை வாங்கி ஓடினார். நானும் அப்படி வந்தவன்தான். எனக்குச் சந்தியில் சைக்கிள் கடை. என்னைவிட ஏழெட்டு வயது மூப்பு என்றபடியால் அண்ணை என்பேன்.

தொண்ணூறாம் ஆண்டு அரசாங்கம் தடை போட்டபிறகு எங்கள் பக்கம் டீசல் வரவில்லை. மற்றவர்கள் வாகனங்களைக் கல்லில் ஏற்றி நிறுத்திவிட்டார்கள். இவர் நிறுத்தவில்லை. தேங்காயெண்ணெயும் இலுப்பையெண்ணெயும் வாங்கிக் காய்ச்சி, பழைய வேட்டியில் வடித்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து ஊற்றி ஓடினார். வான் போன வழியெல்லாம் பலகாரம் சுட்ட மணம்.

"அண்ணை, எனக்கு ரெண்டு உளுந்துவடை!" என்று சந்தியில் நிற்கிறவர்கள் கத்துவார்கள்.

"சம்பல் முடிஞ்சுதடா, நாளைக்கு வா!" என்பார், நிறுத்தாமலே.

அந்த எண்ணெயில் ஒரு வில்லங்கம் இருந்தது. மார்கழி வாடை தொடங்கினால் விடியப்புறம் நெய்போல உறைந்துவிடும். பிளாஸ்டிக் கானில் உள்ளதைச் சாக்கால் சுற்றி அடுப்புக்கரையில் வைக்கலாம். மக்டலீன் அக்கா, "குசினியோ கராச்சோ இது?" என்று ஏசிக்கொண்டே இடம் விடுவா. ஆனால் வானின் குழாயிலும் பம்பிலும் நிற்கிற எண்ணெயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அதற்கு அவர் ஒரு வழி செய்திருந்தார். எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகரம். பின்னேரம் வானை நிறுத்தமுன் அதில் அரைப்போத்தல் மண்ணெண்ணெய் ஊற்றி, எண்ணெயை அடைத்து, தகரத்தின் பைப்பைத் திறப்பார். கொஞ்ச நேரத்தில் எஞ்சினின் சத்தம் வறட்டுச் சத்தமாக மாறும். அப்போது குழாய் முழுக்க மண்ணெண்ணெய் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் நிறுத்துவார். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தே எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

அவ்வளவு கவனம் வாடகை ஓட்டத்துக்காக இல்லை. அக்காவுக்குத் தொய்வு. குளிர் விழுந்தால் விடியப்புறத்தில்தான் மூச்சு இழுக்கும். இரண்டு மார்கழி, அவர் வானில் ஏற்றி மானிப்பாய் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்த்தான் உயிரைப் பிடித்தார். பிள்ளை குட்டி இல்லாத மனிதர்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மார்கழி. சங்கக்கடைக்கு இரண்டு கிழமையாக மண்ணெண்ணெய் வரவில்லை. ஒரு பின்னேரம், அவர் வானைக் கொண்டுவந்து விட்டு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க இறங்கும்போது நான் போனேன்.

"அண்ணை, யசிந்தாவுக்குச் சோதினை. விளக்குக்கு ஒரு சொட்டு இல்லை."

மகளுக்குச் சோதினை என்றது உண்மை. மண்ணெண்ணெய் கேட்டது அதற்கில்லை. கடையில் மூன்று பேர் முந்நூற்றிநாலு சீட்டாட்டத்துக்குக் கடுதாசிக் கட்டோடு குந்தியிருந்தார்கள். பெற்றோமாக்ஸ் வெறுமையாகக் கிடந்தது.

அவர் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். அரைவாசி இருந்தது. "இவ்வளவுதானடா மிச்சம்."

அக்கா குசினியால் எட்டிப் பார்த்தா. "குடுங்கோப்பா, பிள்ளை படிக்கட்டும். எனக்கு இந்தக் கிழமை ஒண்டுமில்லை."

"உனக்கென்ன, விடியத் தள்ளுறது நானெல்லோ."

"நான் சுடுதண்ணி வைச்சுத் தாறன். நீங்கள் தள்ளுங்கோ."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் போத்தலோடு வேலிப் படலையைத் தாண்டும்போது எஞ்சின் நின்றது. நிற்கமுன் சத்தம் வறட்டுச் சத்தமாக மாறவில்லை. எனக்கு நல்லாகக் கேட்டது. திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

விடிய ஐந்து மணிபோல வேலிக்கு மேலால் கூப்பிட்டார். "யாகப்பு! ஓடி வா, அக்காவுக்கு ஏலாமல் கிடக்கு!"

வானுக்குள் அவ இரண்டு கையையும் இருக்கையில் ஊன்றிக்கொண்டு இருந்தா. நெஞ்சு விசிலடித்தது. எஞ்சின் வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெய் வெள்ளை மெழுகாக நின்றது. கேத்திலில் சுடுதண்ணி கொண்டுவந்து ஊற்றினேன். கிண்ணம் இளகியது, பம்ப் இளகவில்லை. அயலவர்கள் வந்து தள்ளினார்கள். எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

அவர் என் பக்கம் திரும்பினார். "அந்தப் போத்தலிலை மிச்சம் ஏதும் கிடக்கோ? ஒரு மிடறு இருந்தாலே காணும்."

"முடிஞ்சுது அண்ணை."

"முழுக்கவோ?"

"ஓம்."

"பாவம், பிள்ளை நல்லாப் படிச்சிருக்கு," என்றார்.

பிறகு அக்காவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, அவரின் முதுகோடு சேர்த்துச் சீலையால் கட்டினோம். நான் பக்கத்தில் மற்றச் சைக்கிளில், அவவின் தோளை ஒரு கையால் தாங்கிக்கொண்டு போனேன். மழை தூறியது. சண்டிலிப்பாய்ச் சந்திக்குக் கிட்ட அந்த விசில் சத்தம் நின்றது. அவர் அதைக் கேட்காதவர்போல மிதித்துக்கொண்டே போனார். ஆசுபத்திரி வாசல்வரை நானும் வாய் திறக்கவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், என் பெண்சாதி சமைத்த சோற்றை யசிந்தா கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன். வானின் பக்கத்தில் பலகையில் இருந்தார். சோற்றை வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைப் பார்த்தார்.

"அண்டைக்கு வெளிச்சம் காணுமாய் இருந்ததோ பிள்ளை? படிச்சனியோ?"

மண்ணெண்ணெய் வாங்கின கதை அவளுக்கு ஒன்றும் தெரியாது. அன்றிரவு அவள் தேங்காயெண்ணெய்த் திரியில் புத்தகத்தை மூக்கோடு முட்டிக்கொண்டு இருந்தவள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். நான் கடையில் இருந்து பிந்தி வந்ததும் அவளுக்குத் தெரியும். கெட்டிக்காரப் பிள்ளை.

"ஓம் மாமா," என்றாள். "விடிய விடியப் படிச்சனான்."

"அப்ப சரி," என்றார் அடைக்கலநாதன். "அக்காவும் அதுக்குத்தான் குடுக்கச் சொன்னவ."

சோற்றுக் கோப்பையை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார்.