பின் ஜன்னலுக்குத் திரை இல்லை

கேமராவோடு வரும் கிட் லென்ஸ் போதுமா, தூரத்தில் உள்ளதை எடுக்க சூமும் வேண்டுமா என்று இந்த போட்டோ குரூப்பில் எல்லாரையும் கேட்டு அலுக்க வைத்தேன் அல்லவா? இன்று கண்டி டவுனில் பழைய கேமரா விற்கும் கடைக்கே போய்விட்டேன்.

“முதல் டி.எஸ்.எல்.ஆர். தானே தங்கச்சி, இது போதும். நேத்துத்தான் வந்திச்சு, சூம் லென்ஸோட” என்று கடைக்கார அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், ஒன்றை நீட்டினார்.

வெளியே நின்ற பஸ்ஸை ஒரு படம் எடுத்தேன். அதைப் பார்க்கப் போய், அதற்கு முந்தைய படத்துக்கு விரல் தாவிவிட்டது. விற்றவர் மெமரி கார்டைக் கழற்ற மறந்திருக்கிறார்.

ஒரு குசினி ஜன்னல். உள்ளே அடுப்புப் பக்கத்தில் ஒரு பெண் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருக்கிறாள்.

நாவலப்பிட்டியில் எங்கள் வீடு. அந்தப் பெண் நான்.

ரோட்டுப் பக்க ஜன்னல்களுக்கெல்லாம் திரை போட்டிருக்கிறோம். பின்னால் குசினிப் பக்கம் தேயிலை மலைதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டோம்.

“நானா, இத யாரு வித்தது?”

“பேரு தெரியா. இதுல தூரம் பத்தல்லயாம். இதக் குடுத்திட்டு, இன்னம் பெரிய சூம் உள்ளது ஒண்டு எடுத்துட்டுப் போனாரு.”

நான் கேமரா வாங்கவில்லை. லென்ஸ் பற்றிச் சொன்ன எல்லாருக்கும் நன்றி. தடித்த திரைத்துணி எங்கே கிடைக்கும் என்று யாராவது சொல்லுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் குசினி லைட்டைப் போட வேண்டும்.